இடது கையில் நாடி இல்லை

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தெருவில், எலுமிச்சை மாலைக்கும் மஞ்சள் துணிக்கும் பக்கத்திலேயே உருவத் தகடுகள் தொங்கும். கண், கை, கால், வயிறு, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை. உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தின் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா அப்படி ஒரு கடை முன்னால் நின்று, "ரத்தக்குழாய்க்குத் தகடு இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரம்மா சிரிக்கவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "முழு ஆளா வாங்கிக்கங்க, எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்" என்றார். அம்மா ஒரு முழுப் பெண்ணுருவமும், தனியாக ஒரு ஜோடிக் கண்மலரும் வாங்கினாள்.

மாரியம்மன் அம்மை நோயின் தெய்வம். ஊரெல்லாம் கண்ட நோய் அது. ஆகவே அதற்குப் பெயர் இருந்தது, பாட்டு இருந்தது, வேப்பிலையும் கூழும் பத்தியமும் இருந்தன. பிறகு தடுப்பூசி வந்தது. 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊரில் பாதிப் பேருக்கு வரும் நோய்க்குத் தெய்வமும் கிடைக்கும், அரசுத் திட்டமும் கிடைக்கும். ஊரில் ஒருத்திக்கு மட்டும் வரும் நோய்க்கு? மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊரில்தான் என் அக்காவின் உடம்பில் நடந்ததற்கு ஆறு ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தது.

அக்காவுக்கு அப்போது 28 வயது. இரண்டு பிள்ளைகள். கொடியில் துணி காயப்போடும்போது இடது கை கடுக்கிறது என்பாள். கையைக் கீழே தொங்கவிட்டு நின்றால் சரியாகிவிடும், மறுபடி தூக்கினால் கடுக்கும். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். தலை சுற்றல். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. முதல் டாக்டர் ரத்தசோகை என்றார், இரும்புச் சத்து மாத்திரை. அடுத்தவர் கால்சியம் குறைவு என்றார். ஒருவர், "வீட்டுக்காரர் எப்படி, நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். ஓரிடத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் இடது கையில் பட்டையைச் சுற்றி இருமுறை காற்றடித்து, "மிஷின் சரியில்லை" என்று சொல்லி வேறொன்றை எடுத்துவந்தார். அதில் ஏதோ ஓர் எண் கிடைத்தது, மிகக் குறைவாக. அன்றிலிருந்து அக்கா 'லோ பி.பி. கேஸ்'. உப்புப் போட்ட மோர் குடி, எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடி என்றார்கள். குடித்தாள்.

மிஷின் சரியாகத்தான் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்ல வேண்டும். நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன், அகப்பாடல்களில் பெண்ணுடல் பற்றி. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். வேலன் கழங்கு உருட்டிப் பார்த்து முருகு அணங்கியது என்கிறான். ஆட்டுக்குட்டி பலியாகிறது. நோயின் காரணம் தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும். ஒரு பெண்ணின் உடலைத் தவறாகப் படித்த அதிகாரம் என்று வெறியாட்டைப் பற்றி ஓர் இயலே எழுதினேன். நேர்காணல் தேர்வில் பாராட்டினார்கள்.

அதே மாதங்களில் அக்காவின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அவள் திருமணத்தில் ஏதோ துயரம் என்று நான் முடிவு செய்திருந்தேன். "மனசுல எதையோ வச்சுக்கிட்டிருக்கக்கா, வெளிய சொல்லு" என்றேன். "மனசுல ஒண்ணும் இல்லடி, கையிலதான் இருக்கு" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? படித்தவள் நான் அதையும் குறியீடாகவே கேட்டேன். வேலனுக்காவது கழங்கு இருந்தது, எனக்குக் கோட்பாடு இருந்தது.

ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007-ல் எழுதிய நூலில் அறிதல் சார்ந்த அநீதி என்று ஒன்றை விளக்குகிறார். ஒருவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லுக்குத் தரும் மதிப்பைக் குறைப்பது ஒரு வகை. தனக்கு நேர்வதைச் சொல்லத் தேவையான சொல்லே ஒருவருக்குக் கிடைக்காமல் போவது இன்னொரு வகை. அரிய நோய் வந்த பெண் இரண்டுக்கும் நடுவே நிற்கிறாள். சொன்னால் நம்புவதில்லை, சொல்லச் சரியான பெயரும் இல்லை. ஐரோப்பாவின் அரிய நோயாளர் அமைப்பான யூரோர்டிஸ் 2009-ல் நூலாக வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்று உண்டு. மூட்டும் தோலும் அளவுக்கு மீறி நெகிழும் எலர்ஸ்-டான்லோஸ் என்ற நோயைக் கண்டறிய ஆண்களுக்கு 4 ஆண்டுகளும் பெண்களுக்கு 16 ஆண்டுகளும் ஆனதாக அதில் வருகிறது. நோய் ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு ஆண்டு வித்தியாசம் ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ முளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது ஆண்டு அக்காவுக்கு வலது கண்ணில் மூட்டம் போட்டது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு கண் சிகிச்சை முகாம் ஒன்றுக்குப் போனாள். அங்கே இருந்தவர் இளம் பெண் மருத்துவர். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தவர், "உங்களுக்குப் பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு லோ பிரஷருங்க டாக்டர்" என்று அக்கா சீட்டை நீட்டியிருக்கிறாள். கண் ஒன்று சொல்கிறது, சீட்டு வேறொன்று சொல்கிறது. அந்தப் பெண் சீட்டை நம்பவில்லை. இடது கையில் அளந்தார், குறைவு. வலது கையில் அளந்தார், 190-க்கு மேல். பிறகு இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். இடது கையில் நாடி இல்லை. "இது என்னன்னு எனக்கு உறுதியாத் தெரியல. ஆனா இது கண் நோய் இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட உடனே போகணும்" என்று சொல்லி, கண்டதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

நோயின் பெயர் டகயாசு தமனி அழற்சி. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியும் அதன் பெருங்கிளைகளும் உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியாலேயே அழன்று, சுவர் தடித்து, குறுகி, அடைத்துப்போகும். பெரும்பாலும் பெண்களுக்கு வருவது, அதுவும் நாற்பது வயதுக்குள். ஜப்பான், இந்தியா போன்ற ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படுவது. இடது கைக்குப் போகும் தமனிதான் அதிகம் அடிபடுகிறது. அந்தக் கையில் அளந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், உடம்பின் உள்ளே அது கொதித்துக்கொண்டிருக்கும். அக்கா ஆறு ஆண்டுகள் குடித்த உப்பு மோரை நினைத்தால் இன்றும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இன்னொரு வேடிக்கை: நம் சித்த மருத்துவ மரபில் ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். ஒரு நல்ல நாட்டு வைத்தியரிடம் அவளைக் கூட்டிப்போயிருந்தால் முதல் நாளே திடுக்கிட்டிருப்பார். நாங்கள் நவீனமானவர்கள், போகவில்லை.

1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர்களின் கூட்டமொன்றில் மிக்கிட்டோ டகயாசு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் விழித்திரையில் ரத்த நாளங்கள் விசித்திரமாக வளையமிட்டுப் பின்னியிருந்ததை விவரித்தார். அவர் கண்ணை மட்டுமே பேசினார். அதே கூட்டத்தில் இருந்த வேறு இருவர், ஒனிஷியும் ககோஷிமாவும், தாங்களும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்ததாகவும் அவர்களுக்கு மணிக்கட்டில் நாடி இல்லை என்றும் சொன்னார்கள். கண்ணும் நாடியும் ஒரே நோயின் இரு முனைகள் என்பதற்கான முதல் துப்பு அந்த அறையில் கிடைத்தது. நோய்க்கு மருத்துவரின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெண் வெறும் 'நோயாளி'.

நிபுணர் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை அந்த அறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பார்க்கும் நோயை அவர் அடையாளம் காணாமல் விடுவதை முழுக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஒரு முறை பார்த்தது அறிவாகாது. பத்து ஊரில் பத்துப் பேர் தனித்தனியே படும் பாட்டை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறவர்தான் நிபுணர் ஆகிறார். அதாவது நிபுணரை உண்டாக்குவது நோயாளிகள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டகயாசு நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து ஆய்வுகள் வெளியிட்டு வருகிறார்கள் என்றால், எங்கெங்கிருந்தோ பெண்கள் ரயிலும் பஸ்ஸும் ஏறி அங்கே தங்கள் கைகளை நீட்டியதால்தான் அது முடிந்தது. அப்படியானால் ஒருத்தி அங்கே போய்ச் சேராமல் போவது அவளுக்கு மட்டும் இழப்பில்லை. அவள் உடம்பு சொல்லியிருக்கக்கூடிய ஒன்று பாடநூலில் ஏறாமலே போகிறது. போகமுடியாதவர்கள் எப்போதும் ஒரே வகையினராக, பணமில்லாதவர்களாகவும் துணையில்லாதவர்களாகவும் இருந்தால், பாடநூலும் அந்த அளவுக்குக் கோணலாகத்தான் இருக்கும். எந்த நோய் அரியது என்று நாம் போடும் கணக்குக்கூட, யார் வாசல்வரை வந்தார்கள் என்ற கணக்குத்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

போவது என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். வேலூர் திருச்சியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மாணவிகளில் பலர் அந்தப் பேருந்தால்தான் கல்லூரிக்கு வருகிறார்கள், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சமயபுரத்தில் ஏறினால் அது சத்திரம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுவிடும். நிபுணர் அதற்கப்பால் இருக்கிறார். அக்கா போன காலத்தில் அந்தச் சலுகையும் இல்லை. மூன்று நாள் ஆகும் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, பிள்ளைகளுக்கு யார் சோறாக்குவது. இரண்டாவது, கூட யார் போவது. மாமா கெட்டவர் இல்லை. "வேலூர் வரைக்கும் எதுக்கு? திருச்சியில இல்லாத டாக்டரா?" என்றுதான் கேட்டார். தனக்கு முதுகுவலி வந்தபோது சென்னைக்குப் போய் வந்தவர் அவர். அந்த ஞாபகம் அவருக்கு வரவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் கூடப் போனேன்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு பகுதி என்று வகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவன். வள்ளுவர் அந்த நான்காமவருக்கு மருத்துவருக்குச் சமமான இடம் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது, உழைச்செல்வான் என்ற ஆண்பால் விகுதியைச் சுட்டி, "உங்க வீட்ல ஆஸ்பத்திரியில கூட இருக்கறது யாரு?" என்று கேட்பேன். அம்மா, அத்தை, அக்கா என்று பதில் வரும். "அவங்களுக்கே முடியலன்னா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைச் சொல்லித்தான் வேலூர் மருத்துவமனையின் கதை தொடங்கும். ஆண் மருத்துவர் தொடக்கூடாதென்று வீட்டு ஆண்கள் மறுத்துவிட்டார்கள். அங்கிருந்த ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. இன்னொரு கதை எங்களுக்கு இன்னும் பக்கம், திருச்சிக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கைக்குக் குடலில் வந்த புற்றுநோயைச் சீதபேதி என்று தவறாகக் கணித்து வைத்தியம் பார்த்தார்கள், தங்கை இறந்துபோனார். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும் நடந்தது இது. புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று அதன்பின் அவர் பல்லாண்டு அலைந்தார், 1954-ல் அடையாற்றில் அது திறந்தது. தங்கையை இழந்த அக்கா அதைக் கட்டினார் என்பதை அடையாறு பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். மருத்துவருக்கே தங்கையின் நோய் பிடிபடவில்லை என்று நினைத்தால் என் குற்றவுணர்ச்சி கொஞ்சம் குறையும். அப்படிக் குறைவது சரிதானா என்று தெரியவில்லை.

என் நண்பர் ஒருவர் பொருளியல் ஆசிரியர். அவர் கேட்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. "ஒருத்தருக்கு ஐம்பது லட்சம் செலவு பண்ற காசுல எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி போடலாம் தெரியுமா?" என்பார். இந்தியாவின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. அதற்கு முன் 2014-ல், கோஷே என்ற மரபணு நோயுள்ள ஓர் ஏழைக் குழந்தைக்காக டெல்லி உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தந்தை ரிக்‌ஷா ஓட்டுபவர். இப்போது குறிப்பிட்ட சிறப்பு மையங்களில் பதிவு செய்த நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம். சில நோய்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டும், அந்தத் தொகை ஓராண்டுக்குக்கூடப் போதாது. இங்கே எண்ணிக்கை என்பது உண்மையான கேள்விதான். ஜான் டாரெக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1977-ல், அதிகம் பேர் என்பதற்காகவே ஒரு பக்கத்தைக் காப்பாற்றுவது சரியா என்று கேட்டார். ஐந்து பேரின் வலியைக் கூட்டி அனுபவிக்கும் ஆள் எவரும் இல்லை, ஒவ்வொருவரும் தம்முடைய வலியை மட்டுமே படுகிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் ஒரு இழை. நான் அவரோடு கடைசிவரை போகமாட்டேன். ஆயிரம் குழந்தைகள் ஒரு பக்கம் இருந்தால் எனக்கும் கை நடுங்கும்.

ஆனால் நண்பரிடம் நான் காட்டுவது அக்காவின் மருந்துச் சீட்டை. ஸ்டீராய்டு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட், பிரஷர் மாத்திரை. எல்லாம் எங்கள் தெரு மருந்துக் கடையில் கிடைப்பவை, விலையும் எட்டக்கூடியதுதான். இந்நோய்க்கும் விலையேறிய ஊசிகள் உண்டு, அடைப்பை விரிக்கும் சிகிச்சை உண்டு. அக்காவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது தெரிந்த ஒருவரின் முன்னால் அரை மணி நேரம். 'அரிய நோய் என்றால் செலவு' என்ற பேச்சு ஐம்பது லட்சத்தை மறுப்பதோடு நிற்பதில்லை, இந்த அரை மணி நேரத்தையும் சேர்த்து மறுத்துவிடுகிறது. தமிழில் அருமை என்ற சொல்லுக்குக் கிடைப்பதற்கு அரிது, செய்வதற்குக் கடினம், மதிப்பு மிக்கது என்று மூன்று பொருளும் உண்டு. திட்டம் வகுப்பவர்கள் முதல் இரண்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிபுணரைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஐந்து நிமிடத்தில் தலை நிமிராமல் எழுதிக்கொடுக்கும் பெரிய டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். அக்காவைக் காப்பாற்றிய முதல் ஆள் இந்நோயின் நிபுணரே இல்லை. சீட்டைவிடத் தன் கண்ணை நம்பி, தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, தெரிந்த இடத்துக்கு எழுதிக்கொடுத்தவர் அவர். "எனக்குத் தெரியவில்லை" என்ற அந்த ஒரு சொற்றொடரை ஆறு ஆண்டுகளில் வேறு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. இப்போது இ-சஞ்சீவனி மாதிரி தொலைவழி ஆலோசனை வந்திருக்கிறது. ஊர் சுகாதார நிலையத்திலிருந்தே சிறப்பு மருத்துவரிடம் பேசலாம், நல்லது. ஆனாலும் நாடியைப் பிடிக்க ஒரு விரல் வேண்டும். இந்த முனையில் இருப்பவர் இரண்டு கையையும் தொட்டுப் பார்த்தால்தான் அந்த முனையில் இருப்பவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

அக்காவின் வலது கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது. மாத்திரையால் முகம் உப்பியபோது, "இப்பத்தான் பூசுனாப்புல அழகா இருக்க" என்று தெருவில் சொன்னார்கள். இன்றும் மூன்று மாதத்துக்கொரு முறை போய் வருகிறாள், சில வருடங்களாகத் தனியாக. எங்கே ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தாலும் வலது கையை நீட்டி, "இதுல பாருங்க, அதுல வராது" என்பாள். ஒருமுறை ஒரு நர்ஸ், "எல்லாக் கையிலயும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு இடது கையில் பட்டையைச் சுற்றினாராம். அக்கா அதைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் போன் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, காலேஜ் படிக்கிறவள், துணி பிழிந்தால் கை வலிக்கிறதாம். "ரெண்டு கையிலயும் பிடிச்சுப் பாத்தேன்டி. ரெண்டுலயும் இருக்கு, நல்லாத் துடிக்குது" என்றாள். "அப்புறம் என்னக்கா?" என்றேன். "ரத்தம் கம்மியா இருக்கும்னுதான் தோணுது. ஆனா எனக்கென்ன தெரியும்? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அவங்கம்மா வேலைக்குப் போயிருவாங்க."